டாக்டரம்மா சொன்ன ஆறு வாரம்

நான் பொய் சொன்னேன். என் அண்ணியின் உடம்பைப் பற்றி அவரிடமே பொய் சொன்னேன். அதனால் ஒரு கணவனும் மனைவியும் பத்து வருஷத்துக்கும் மேலாகத் தனித்தனியே படுக்கிறார்கள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்களுக்கு என் அண்ணியைத் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பொம்மனஹள்ளியில் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. முன்னறையில் நானும் அண்ணனின் இரண்டு பெண்களும், உள்ளறையில் முருகேசன் அண்ணனும் சரோஜா அண்ணியும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நானும் அண்ணியும் ஒரே கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்தோம்.

என்ன ஞாயிற்றுக்கிழமைகள் அவை! அண்ணன் சிவாஜிநகருக்குப் போய்க் கறி வாங்கி வருவார், கூடவே அண்ணிக்கு வளையலோ ரிப்பனோ. சமையலறை வாசலில் நின்று ஏதோ முணுமுணுப்பார். அண்ணி கரண்டியை ஓங்குவார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நாற்பதை நெருங்கியும் புதுப் பெண்ணைப் போல அப்படி ஒரு சிரிப்பு... அதைக் கேட்டுக்கொண்டே நான் வெங்காயம் உரிப்பேன்.

அண்ணிக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. இரண்டு வருஷம் வெளியே சொல்லாமல் வலியைப் பொறுத்திருந்தார். ஒருவழியாக ஆபரேஷன் நடந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா கன்னடத்தில் பேசினார். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்த அண்ணிக்குப் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான கன்னடம்தான் தெரியும். பெண்கள் வார்டு என்பதால் அண்ணன் வெளியே நின்றார். இங்கேயே வளர்ந்து கன்னடம் தெரிந்த நான்தான் எடுத்துச் சொல்லக் கூட இருந்தேன்.

குடம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். அதன்பின் டாக்டரம்மா சொன்னார்: ஆறு வாரம் கழித்து வந்து காட்டட்டும், புண் ஆறியிருந்தால் கணவனோடு சேர்ந்திருக்கலாம், வறட்சியோ வலியோ இருந்தால் வெட்கப்படாமல் கேட்கட்டும், மருந்து உண்டு, பயம் வேண்டாம்.

என் நாக்கு எழவில்லை. என்னை வளர்த்த அண்ணன்! அவர் படுக்கையைப் பற்றி நாத்தனார் நான் எந்த வாயால் பேசுவேன்? ஆறு வாரம் கழித்து வந்து காட்டச் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த ஆறாம் வாரம் நான் கூடப் போகவில்லை. அண்ணி தனியாகப் போனார், புண் ஆறிவிட்டது என்று மட்டும் தெரிந்துகொண்டு வந்தார்.

அதோடு போயிருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். சில நாள் கழித்து, துணி துவைக்கும் கல்லருகில், என் முகத்தைப் பார்க்காமல் அண்ணி கேட்டார்.

"அதப்பத்தி டாக்டரம்மா ஏதாச்சும் சொன்னாங்களா விமலா? உங்க அண்ணன் பயப்படறாரு. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

உண்மையைச் சொன்னால், அன்றே ஏன் சொல்லவில்லை என்பாரே!

"வேணாம்னாங்க அண்ணி. திரும்ப இறங்கிடுமாம்."

வெட்கம் மட்டும்தானா? இல்லை... பொறாமையும் இருந்தது. அந்தச் சிரிப்பின் மேல் எனக்குப் பொறாமை. இதை இன்றுதான் எழுதிப் பார்க்கிறேன்.

அந்த வாரமே அண்ணன் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டார். நானும் பெண்களும் உள்ளறைக்குப் போனோம். அவர் படுத்த இடத்தில் நான் படுத்தேன். அண்ணன் கோபப்படவில்லை, ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி வந்தது. சமையலறை வாசலில் மட்டும் அவர் நிற்பதே இல்லை.

வருஷங்கள் ஓடின. பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள். ஒருநாள் எங்கள் கார்மெண்ட்ஸில் பெண்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். வந்த டாக்டர் தமிழ்ப் பெண். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலான பெண்கள் கணவனோடு பழையபடி சந்தோஷமாக இருக்க முடியும் என்று தெளிவாகச் சொன்னார். அண்ணி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஓசூர் சாலையில் நடந்து வருகையில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் சரியாயிடுது போல. என் உடம்புதான் அப்பிடி. நல்லவேளை, அன்னிக்கு நீ கூட இருந்த. இல்லன்னா எனக்கு யாரு எடுத்துச் சொல்லியிருப்பா?"

"ஆமாம் அண்ணி" என்றேன்.

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம்... இன்றும் சொல்லலாம். இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். நான்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.