பலகையில் ஏறாத புள்ளி

என் வீட்டுக்காரர் ஃபின்டன் வீட்டோடு மாப்பிள்ளையாக ராஹீன் என்கிற எங்கள் தேவாலயப் பங்குக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. எங்கள் மாடுகளுக்குப் பால் கறந்தார், என் அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். இருந்தும் ஊருக்குள் அவர் பெயர் இன்னும் ‘குளூனாராக்காரன்’தான். பிறந்த பங்கு குளூனாரா. எங்கள் பக்கத்தில் மதத்தை மாற்றினாலும் மாற்றலாம், பிறந்த பங்குக்காக ஹர்லிங் என்கிற கட்டைப்பந்து ஆட்டத்தில் போடுகிற சட்டையை மாற்ற முடியாது.

அந்தப் பேச்சு அவரை உள்ளுக்குள் அரித்தது. எங்கள் மைதானத்துப் புள்ளிப் பலகையில் எண் மாட்டுகிற வேலையை அதற்காகவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஓரவஞ்சனை இல்லாத ஆள் என்று ஒரு வாயாவது சொல்லிவிடாதா என்ற ஏக்கம்.

விதியைப் பாருங்கள், கவுண்டி ஜூனியர் இறுதிப்போட்டியைப் பொது இடமென்று எங்கள் மைதானத்திலேயே வைத்தார்கள். கில்டெர்மட்டும் குளூனாராவும். குளூனாரா அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. எதிரணி தப்பு செய்தால் கிடைக்கிற தனி அடியைக் குளூனாராவுக்கு அடிப்பவன் லோர்கன், ஃபின்டனின் தம்பி மகன்.

ஏணியில் கால் வைக்கும்போதே கில்டெர்மட் பங்குக்காரன் டைக் ஆரம்பித்துவிட்டான். வாடகைக்கு எடுத்தாலும் கிடைக்காத வாய் அவனுக்கு.

“யோவ் குளூனாரா! ஒங்க ஆளுங்களுக்கு ரெண்டு சேத்து மாட்டிறாதய்யா!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபின்டனின் காது சிவந்தது. கீழே நின்று எண் தகடுகளை எடுத்துக் கொடுத்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“போய்யா, மொதல்ல ஒங்க ஆளுங்களுக்குப் பந்து எங்க இருக்குன்னு காட்டு!” என்றேன்.

ஆட்டம் ஆரம்பம் முதலே ஒட்டி ஒட்டிப் போனது. இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட இல்லை. கோல் கம்பிக்கு மேலே போகிற ஒற்றைப் புள்ளிகள்தான்; கம்பிக்குக் கீழே போனால்தான் கோல், அதற்கு மூன்று புள்ளி. மழை வேறு. ஆட்டக் கட்டைகள் மோதுகிற சத்தம் பலகை வரைக்கும் கேட்டது.

முடியப்போகிற நேரம். பலகையில் கில்டெர்மட் பதினைந்து, குளூனாரா பதினான்கு. லோர்கன் ஓரத்திலிருந்து ஒன்று அடித்தான். பந்து கம்பத்தின் உச்சிக்கும் மேலே உயர்ந்து போனது. உள்ளேயா வெளியேயா? கில்டெர்மட் ஆட்கள் கம்பத்தடியில் வெள்ளை அங்கி போட்டு நின்ற கோல் நடுவர்களைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். ரெஃப்ரி ஓடிப்போய்ப் பேசினார். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து வெள்ளைக்கொடி ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். புள்ளிதான்!

தகட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இரு டெல்யா. சரியாத் தெரியட்டும்.”

“கொடி ஏறிருச்சுய்யா! என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“நீ என் பொண்டாட்டி. நீ பாத்தேன்னு நான் மாட்டுனா அந்த டைக் சும்மா விடுவானா? ரெஃப்ரி கையக் காட்டட்டும்.”

ரெஃப்ரிக்கு இவர் பக்கம் திரும்ப நேரமேது? கோல்காவலர் பந்தை அடித்துவிட்டார், ஆட்டம் பறந்தது. அடுத்த மூச்சில் கில்டெர்மட் ஒரு புள்ளி போட்டது. அதை மட்டும் என் கையிலிருந்து பிடுங்கி மாட்டினார். பதினாறு. பலகைப்படி குளூனாரா இரண்டு பின்னால். உண்மையில் ஒன்றுதான்.

“ஏன்யா, ஒனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா? மாட்டுய்யா!”

“ஆட்டம் நிக்கட்டும், கேட்டுட்டு மாட்டுறேன்.”

ஆட்டம் நின்றது. கோலுக்கு நேர் எதிரே குளூனாராவுக்குத் தனி அடி. இதுதான் கடைசி அடி என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார். மேலே தட்டினால் ஒரு புள்ளி, சமம், கூடுதல் நேரம். அந்தத் தூரத்தில் லோர்கன் தூக்கத்தில்கூடத் தவறவிட மாட்டான்.

குளூனாரா பெஞ்சில் ஒருவர் ஒன்று என்றார், இன்னொருவர் இரண்டு என்றார். எல்லோரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். லோர்கனும் பார்த்தான்.

“கோலுக்கு அடிடா!” என்று பெஞ்சிலிருந்து கத்தினார்கள்.

எனக்கு உயிரே போய்விட்டது. “லோர்கன்! மேல தட்டுடா!” என்று கத்தினேன். மழையும் கூட்டமும் என் குரலை விழுங்கிவிட்டன. ஃபின்டன் அப்போதுதான் எங்கள் பக்கத்து எல்லைக்கோட்டு நடுவரைக் கூப்பிட்டார். “அந்த ஒசந்த பந்து புள்ளியா?” அந்த மனிதர், இதென்ன கேள்வி என்பதுபோலத் தலையாட்டினார். ஃபின்டன் பதினான்கைக் கழற்றினார். அவசரத்தில் பதினைந்து கொக்கியில் விழ மறுத்தது.

லோர்கனின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பந்தைத் தூக்கித் தாழ அடித்தான். கோல்கோட்டில் நின்ற கூட்டத்தில் எவனோ ஒருவனின் கட்டையில் பட்டு வெளியே தெறித்தது. விசில். அதே நேரத்தில் தகடு கொக்கியில் விழுந்தது. பதினாறு, பதினைந்து.

முதலில் வந்தது டைக். கண்ணில் தண்ணீரோடு ஃபின்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“இத்தன வருசமா ஒன்னத் தப்பா நெனச்சுட்டேன்யா. ஒன்னமாதிரி நேர்மையான ஆளு இந்தக் கவுண்டியிலயே இல்ல!”

அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இவ்வளவும்! ஃபின்டனின் முகம் செத்துப்போயிருந்தது.

லோர்கன் சேறு அப்பிய முகத்தோடு பலகையடியில் வந்து நின்றான். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பெரியப்பா, அது எப்ப ஏறுச்சு?”

“கேட்டுட்டு மாட்டலாம்னு... ஆளுங்க ஏதாவது சொல்லிருவாங்களோன்னு...”

“எந்த ஆளுங்க, பெரியப்பா?”

பையன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எனக்குத் தகட்டாலேயே அவர் மண்டையில் போடவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த ஆட்டத்திலிருந்து ஏணியில் ஏறுவது நான். அவர் கீழே நின்று தகடு எடுத்துக் கொடுக்கிறார். எந்தப் பங்கு ஆடினாலும் சரி, கொடி பாதி உயரும்போதே “மாட்டு டெல்யா, மாட்டு, மாட்டு” என்று என் காலைப் பிடித்து உலுக்குகிறார்.