வெந்நீர் அக்காவின் சந்தேகம்

தன் உள்ளாடைகளைத் தனிப் பாத்திரத்தில் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, காய்ந்ததும் இஸ்திரி வேறு போட்டு மடித்து வைக்கிறாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தக்கறை படிந்த விரிப்பையும் பளிச்சென்று ஆக்கிவிடுகிற கை. எந்தக் கறைக்கும் எந்தக் கிருமிக்கும் அவள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "கொதிக்கக் கொதிக்கத் தண்ணி காட்டு, எல்லாம் ஓடிடும்." அதனால் எல்லாருக்கும் அவள் வெந்நீர் அக்கா.

ஓடாதது ஒன்று உண்டு. பிறப்புறுப்பில் வரும் அரிப்பும், பால் திரிந்தாற்போன்ற வெள்ளைப்படுதலும். போகும், அடுத்த மாதமே திரும்பி வரும். இஸ்திரி மேசைக்குப் பின்னால் தொடையை இடுக்கிக்கொண்டு சிரித்துச் சமாளிப்பாள். களிம்பு வாங்க மருந்துக்கடைக்குப் போனால், உள்ளே பெண் யாரும் இல்லையென்றால் இருமல் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். களிம்பு கிடைத்தாலும் அரிப்பு நின்ற அன்றே மூடி வைத்துவிடுவாள். சலவைக்கூடத்துக் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவுவதும் உண்டு. எரிந்து உயிர் போகும். கிருமி சாகிறது என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

சர்க்கரை நோய் அவளுக்குத் தனிக் கதை. பரிசோதனைக்கு நாலு நாள் முன்பு இனிப்பை மறந்துவிடுவாள். ரத்தம் கொடுத்த கையோடு கேக் கடைக்குள் நுழைவாள். "நான் என்னிக்கும் பாஸ்தான்" என்று பீற்றல் வேறு.

இரண்டுக்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை. அரிப்பை அவள் முடிச்சுப் போட்டது புருஷனோடு. லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி வெளியூர். இத்தனை சுத்தமாக இருக்கிற எனக்கு இது எங்கிருந்து வந்திருக்கும்? கேட்கவில்லை. அவர் படுக்கையைத் தூக்கி முன்னறையில் போட்டாள். மனுஷர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் போய்ப் படுத்ததே அவளுக்குப் போதுமான சாட்சியாகிவிட்டது.

இந்த முறை நடக்கவே முடியவில்லை. வெட்கத்தை விட்டு ஆஸ்பத்திரி மாடியிலிருக்கும் நர்ஸிடம் போனாள். போன மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். நாலு நாள் பத்தியத்தின் பாச்சா அதனிடம் பலிக்கவில்லை.

"இது அழுக்கால வர்றதில்லக்கா. சர்க்கரை ஏறினா இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கண்ட மருந்துத் தண்ணிய ஊத்தி நீங்களே புண்ணாக்கி வெச்சிருக்கீங்க."

 

"அப்ப, அவர்கிட்டேருந்து வந்ததில்லையா?"

சாதாரணமாக எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருப்பதுதான், சர்க்கரை அதை வளர்த்துவிட்டது என்றாள் நர்ஸ். உங்களிடமிருந்து அவருக்கு வேண்டுமானால் போயிருக்கலாம், கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னாள். படி இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனை மாதமும் ஒரு நல்ல மனுஷனை மனசுக்குள் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறாள்.

வீட்டில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். உங்களுக்கும் இந்த அரிப்பு வந்ததா என்று வாசலில் நின்றபடியே கேட்டாள். ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தார்.

"எனக்கும் வந்துச்சு. களிம்பு போட்டேன், போயிடுச்சு. சொன்னா நீ வேற மாதிரி நெனப்பேன்னு சொல்லல."

 ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல், கை கால் கழுவாமல், விரித்திருந்த அவர் படுக்கையில் போய்ச் சுவரோரமாக ஒண்டிப் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் ஓர் ஆள் படுக்கத் தாராளமாக இடம் விட்டிருந்தாள்.