கயிற்றை விட்டு ஜெயித்த காதர் மைதீன்

முந்தாநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் காதர் மைதீன் ராவுத்தரின் மூத்த மகன் நின்றார். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க" என்றார். பள்ளிக்கூடத்தை மறந்து சாவு வீட்டுக்கு அவர் பின்னாலேயே நடந்தேன்.

விளக்குத்தூண் பக்கம் ராவுத்தர் கடையில் துணி எடுத்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். மடிப்புக் கலைந்த துணியைக் கண்டால் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து நீவி வைப்பார். ஆனால் படகுப் பந்தயத்தில் அவர் பாய்க்கயிறு பிடித்ததைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தத் தோணியில் சுக்கான் பிடித்தவன் நான். டிராயிங் வாத்தியாருக்குச் சுக்கான் எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்குக் கோபம் வரும்.

மார்கழியில் சமயநல்லூர்க் கண்மாய் நிறைந்தால் மதுரை உத்தியோகஸ்தர்கள் பாய்ப்படகு விடுவார்கள். ராவுத்தர் ஒரு வருஷம் முழுக்கப் பாடுபட்டு, ஒடிசலான இரண்டு தோணிகளைப் பலகையால் பிணைத்து, நடுவில் மரம் நட்டு, கடைக் காடாத்துணியில் பாய் தைத்து இறக்கினார். முதல் நாள் அவர் இழுத்த இழுப்பில் பாய் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்து நின்றது. தோணி நகரவில்லை.

"கொஞ்சம் விடுங்க மாப்ள" என்றேன்.

"துணி தொய்ஞ்சு நிக்கிறத என் கண்ணு பாக்காது மாப்ள!"

எல்லாப் படகும் எங்களைத் தாண்டிப் போயின. படகுச் சங்கத்துக் காரியதரிசி ஒரு வக்கீல். கரையிலேயே சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை பந்தயத்துல ஜெயிச்சாப் பாப்போம். இல்லாட்டி இந்தக் கட்டிலை இனிமே தண்ணியில விடக் கூடாது." கட்டிலாம்! ராவுத்தர் முகம் சுண்டிப்போயிற்று.

அந்த வாரம் அவர் கடையில் சரியாக உட்காரவேயில்லை. பாயின் இரு பக்கமும் நூல் துண்டுகளைத் தைத்துவிட்டுத் தினமும் கண்மாய்க்கு ஓடினார். சனிக்கிழமை என்னிடம் சொன்னார்: "ரெண்டு பக்க நூலும் பின்னால நேராப் பறந்தா சரி. காத்துக்கு மறைஞ்ச பக்கத்து நூல் துடிச்சா அம்புட்டு இழுத்தது தப்பு, விடணும். தோணி ஓட்டம் கூடுனா காத்து முன்னாலருந்து வாரமாதிரி இருக்கும். அப்பக் கொஞ்சம் இழுக்கணும்."

பந்தயத்தன்று கடைசித் திருப்பம் வரை வக்கீலின் படகுக்குப் பின்னாலேயே போனோம். கரைப் புளியமரங்கள் மறைத்ததும் காற்று செத்துவிட்டது. "இழுங்க மாப்ள, இழுங்க!" என்று நான் கத்தினேன். ராவுத்தர் நூலைப் பார்த்தார். கயிற்றை விட்டார். இன்னும் விட்டார். பாய் தொளதொளவென்று வயிறு வைத்தது. கரையில் ஒரே சிரிப்பு. "ஜவுளிக்கடை பாய், தொட்டில் கட்டுறீயளா?" என்று எவனோ கூவினான். அவர் காது சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. கை மட்டும் கயிற்றை இழுக்கவில்லை.

நூல்கள் நேராயின. தோணி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. மரங்களைத் தாண்டி வாடை மோதியதும், ஓட்டம் கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ஒரு பக்கத் தோணி தண்ணீரை விட்டு எழும்பியது. வக்கீலுக்கு எங்கள் முதுகுதான் தெரிந்திருக்கும்.

கரையேறியதும் வக்கீல் வந்து கைகொடுத்தார். "கண்மாய் உங்களுது பாய். என்ன வித்தை இது?" என்று கேட்டார். ராவுத்தர் நூலைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்கு வயிறெரிந்தது. "ஏன் மாப்ள சொன்னீக?" என்றேன்.

"அவுகளும் வெரசா வரட்டும். மெதுவா வாரவுகளை ஜெயிச்சு என்ன செய்ய?"

நேற்று முன்தினம் அவரைத் தூக்கிப் போனபோது அந்த வக்கீலும் தோள்கொடுத்து நடந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எனக்குப் பாய் விடச் சொல்லிக்குடுத்த மனுஷன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதை நான் காதாரக் கேட்டேன். ஊர் சிரிக்கும்போது கயிற்றை விடத் துணிந்தவர், ஜெயித்தபிறகு வித்தையையும் விட்டுக்கொடுத்தவர், என்னை மாப்ள என்று கூப்பிட்டார். அந்தப் பெருமை எனக்குப் போதும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.