ஏகாம்பரம் பறித்து வைத்த கரி

நெருப்பைத் தவிர ஏகாம்பரத்துக்கு வேறு ஒரு மண்ணும் தெரியாது என்று அவன் மனைவி வேதவல்லி சொல்வாள். பாதி உண்மைதான். தென்னாற்காட்டில் ஒரு சர்க்கரை ஆலையில் பதினோரு வருடம் பாய்லர் பக்கமே கிடந்தவன். கனடாவில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று எவனோ ஏற்றிவிட, 1973இல் பெட்டியைக் கட்டிக்கொண்டு டொராண்டோவில் வந்து இறங்கினான். போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா? நேற்று வந்தவனுக்கு அது எங்கிருந்தையா வரும்? கேட்கிறவனுக்கு அந்த விவஸ்தைகூட இல்லை. ஒஷாவாவில் ஒரு பட்டறையில் கார் கதவுக்குத் திருகு முடுக்கினான். இரண்டு வருடத்தில் அங்கேயும் ஆள்குறைப்பு.

கடைசியில் கிடைத்தது ஒரு டிரெய்லர் பார்க்கில் காவல்காரன் வேலை. நகரத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையில். காரின் பின்னால் வீட்டையே இழுத்து வந்து, நாலு நாள் நிறுத்தித் தங்கிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி இடம். சம்பளம் சொற்பம்தான், ஆனால் குடியிருக்க ஒரு பழைய டிரெய்லர் கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அன்றைக்கே அதையும் காலி செய்ய வேண்டும். கைக்குழந்தை வசுமதிக்கு மூன்று மாதம். குளிர் வருகிற நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது? இருவருக்கும் ராப்பகலாக இதே கவலை.

பார்க்கின் சொந்தக்காரி ஹாட்லி அம்மாள் விதிகளை ஒரு தாளில் அச்சடித்து வைத்திருந்தாள். அதில் ஏழாவது, கரி அடுப்பைப் பற்றியது. டிரெய்லரிலிருந்து பத்தடி தள்ளி, திறந்த வெளியில்தான் மூட்ட வேண்டும். உள்ளே கூடவே கூடாது. மீறினால் கரியைக் காவல்காரன் எடுத்துக்கொண்டு போகலாம்.

"என்னங்க போட்டிருக்கு அதுல?" என்று வேதவல்லி வந்த புதிதில் கேட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும்.

ஏகாம்பரத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆலையில் நூறு பேரை மேய்த்தவன், இப்போது ஊரான் அடுப்பை எட்டிப் பார்க்கிற உத்தியோகம். அதைப் பெண்டாட்டிக்கு விளக்கிச் சொல்லவா முடியும்? கேலியாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

"அது ஒண்ணுமில்ல வேதா. பொக வந்தா தொரசானிக்கு ஆகாதாம். யாரும் கரி பத்த வெக்கக் கூடாது. நாம பத்த வெச்சு அந்தப் பொக அவ மூக்குக்குப் போச்சுன்னா, மொதல்ல நம்ம சீட்டுதான் கிழியும்."

அவளும் சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

1976 அக்டோபர். நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை. பார்க் நிரம்பி வழிந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து நசநசவென்று மழை. ஸ்காபரோவிலிருந்து துரைசிங்கம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர், குடும்பத்தோடு வந்திருந்தார். மனுஷன் மழைக்குப் பயந்து டிரெய்லருக்குள்ளேயே கரியை மூட்டிக் கோழி சுட ஆயத்தமாகிவிட்டார். ஏகாம்பரம் கதவைத் தட்டினான்.

"அண்ணை, மழை பெய்யுது. பிள்ளையளுக்குப் பசிக்குது. உள்ளுக்கை வைச்சால் என்ன?"

தமிழைக் கேட்டதும் ஏகாம்பரத்துக்கு வாய் திறந்துகொண்டது. "சார், கரிய நம்பாதீங்க. பொக அடங்கி, கங்கா கனியுது பாருங்க, அப்பத்தான் ஆபத்து. அதுலேர்ந்து வர்ற காத்துக்கு வாசனை கெடையாது. தூக்கம் வர்றாப்புல இருக்கும். படுத்தா அவ்வளவுதான். எங்க ஆலையில மார்கழிக் குளிருக்குக் கரிச்சட்டிய உள்ள வெச்சுக் கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேர் படுத்தானுங்க. காலையில பொணத்த நான்தான் தூக்கிப் போட்டேன்."

"ஐயோ, உது எனக்குத் தெரியாதண்ணை. ஓம், ஓம், நீங்களே கொண்டு போங்கோ" என்று துரைசிங்கம் முழுப் பையையும் நீட்டினார். அவர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒருவர் தன் பேச்சை மதித்துக் கேட்டார் என்ற பூரிப்போடு ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தான். பையை வாசல் மூலையில் வைத்தான்.

"என்னங்க இது, கரியா?"

"ஆமா, புடுங்கிட்டு வந்தேன். அப்படியே கெடக்கட்டும்" என்றான். எல்லாரும் காலி செய்துகொண்டு கிளம்புகிற நாள். கேட்டுக்கு ஆள் வேண்டும். இரண்டு வாய் தின்றுவிட்டு ஓடினான்.

குழந்தைக்கு இரண்டு நாளாகச் சளி. வேதவல்லி அன்று அதற்குத் தலைக்கு ஊற்றினாள். ஈரத்தலைக்குச் சாம்பிராணி காட்டாமல் எந்தத் தாய் விடுவாள்? அக்கா அனுப்பிய சாம்பிராணி டப்பாவில் இருந்தது. கங்குக்குத்தான் இதுவரை வழியில்லை; இன்று அதுவும் வீடு தேடி வந்துவிட்டது. காஸ் அடுப்பில் கரியைப் பற்ற வைத்து இரும்புச் சட்டியில் போட்டாள். எவ்வளவு போதும் என்று தெரியாமல் சட்டி நிறையப் போட்டாள். புருஷன் சொன்னதை அவள் மறக்கவில்லை. புகை வெளியே போனால் சீட்டுக் கிழியும். ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்தினாள். கதவிடுக்கில் பழைய புடவையைச் சுருட்டித் திணித்தாள்.

சாம்பிராணி எரிந்து தீர்ந்த பிறகும் கங்கு கனகனவென்றிருந்தது. கொண்டு போய்க் கொட்டினால் யாராவது பார்ப்பார்கள். கிடக்கட்டும், குழந்தைக்குக் கதகதப்பாக இருக்கும். பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தாள்.

நாலு மணிக்கு ஏகாம்பரம் திரும்பி வந்தான். கதவிடுக்கில் பிதுங்கி நின்ற புடவை நுனியைப் பார்த்தான். பாவி மனுஷனுக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. தோளால் இடித்துக் கதவைப் பெயர்த்தான். இரண்டு பேரையும் மழையில் தூக்கிப் போட்டுக்கொண்டு கத்தின கத்தலில் பார்க் முழுவதும் ஓடி வந்தது.

வேதவல்லி பிழைத்தாள். வசுமதி பிழைக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஹாட்லி அம்மாள் வந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேலையைப் பற்றிக் கவலை வேண்டாம், வீட்டில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருந்துகொள்ளுங்கள் என்றாள். கணக்கனுக்குச் சொன்னேனே, வீட்டுக்காரிக்குச் சொன்னேனா? நெருப்பைத் தெரிந்தவன் இதையே மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வேதவல்லி கண் விழித்தாள். பக்கத்தில் தடவிப் பார்த்தாள்.

"கொழந்த தூங்குதா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபத்தில் இருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. சாம்பிராணிக்குத்தான் கொஞ்சம் பத்த வெச்சேன். ஒரு பொட்டுப் பொக வெளிய விடல. நல்லா அடைச்சுட்டேன். வேலைக்கு ஒண்ணும் ஆயிடலியே?"

அவளிடம் சொல்லக்கூடிய சேதி அவனிடம் அது ஒன்றுதான் இருந்தது.

"இல்ல வேதா" என்றான். "வேல போகல."