சாலைக்கு வெளியே நடந்த விபத்து

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம் அது. மலாக்கா ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவறையில் பதினோரு வருடமாகக் கிராணியாக எழுத்து வேலை பார்த்துவந்தவர் சேதுராமன். ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் ஓர் எண் தரும் தடித்த புத்தகம் புதிதாக வந்தபோது, டாக்டர் அதைத் தன்னிடம்தான் ஒப்படைப்பார் என்று நம்பியிருந்தார். டாக்டரோ, வேலைக்கு வந்து இரண்டே வருடமான கோகிலாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து சேதுராமனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பேனா மூடியைத் திறக்கும் சத்தம்கூட அவருக்கு எரிச்சலூட்டியது. அவள் எண் போட்ட நோயாளி அட்டைகளை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. காஜா பெராங்கைச் சேர்ந்த பூங்காவனம் என்ற அம்மாள், முந்தின வாரம் பஸ்ஸுக்குள் விழுந்து மணிக்கட்டு முறிந்து வந்திருந்தார். கோகிலா அதற்குச் சாலை விபத்து எண்ணைப் போடவில்லை. சாலைக்கு வெளியே நடந்த விபத்து என்று போட்டிருந்தாள்.

சேதுராமன் அட்டையோடு நேரே டாக்டரிடம் போனார். "பஸ்ஸு என்ன டாக்டர், வீட்டுக்குள்ளயா ஓடும்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "சந்தேகம்னா போய் விசாரிச்சிட்டு வாங்க."

சைக்கிளை மிதித்துக்கொண்டு காஜா பெராங் போனார். பூங்காவனம் கையில் மாவுக்கட்டோடு வாசலில் நின்றார்.

"ரோட்ல இல்லீங்க ஐயா. எண்ணெய் ஊத்துறதுக்காக பஸ் கம்பெனி கொட்டகைக்குள்ள உட்டாங்க. நல்ல மழ, நாங்க எறங்கல. டிரைவரு பின்னால எடுக்கறப்ப செவுத்துல மோதிட்டாரு. நான் சீட்லேருந்து உருண்டுட்டேன்."

"இத ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

"அந்தக் கிராணிப் பொண்ணு நேத்தே வந்து கேட்டுச்சே! கொட்டகைக்கும் போயி, மோதுன செவுத்தப் பாத்துட்டுத்தான் போச்சு."

அவருக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. தப்பு இல்லை என்பதைவிட, அவள் தனக்கு முன்னால் இங்கே வந்துபோனதுதான் அதிகம் சுட்டது. பதினோரு வருடத்தில் ஓர் அட்டைக்காகக்கூட அவர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதில்லை.

திரும்பி வந்து, "அது போட்டது சரிதான் டாக்டர்" என்றார். அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

கோகிலாவுக்கு விஷயம் எட்டியிருந்தது. அவள் கோபப்படவில்லை. "சேது அண்ணே, இன்னும் மூணு அட்ட எனக்கே சரியாப் புரியல. நீங்களும் ஒருக்கா பாக்குறீங்களா?" என்று புத்தகத்தை நகர்த்தி வைத்தாள். கோபித்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று வருடம் அருகருகே வேலை செய்தார்கள். அவரும் எண்களைக் கரைத்துக் குடித்தார். பிறகு அவளுக்குக் கோலாலம்பூருக்குப் பதவி உயர்வு வந்தது. வழியனுப்பு விருந்தன்று வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

கோலாலம்பூரிலிருந்து அவளுடைய கடிதம் ஒன்று வந்தது: "நம்ம மலாக்கா அட்டைகளில் தப்பே வருவதில்லை என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள், அண்ணே."

சேதுராமன் இரண்டு தரம் படித்தார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் தனக்குக் கிடைக்காத அந்த "இங்கே" என்ற சொல்லிலேயே கண் நின்றது. பதில் எழுத அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று.