பல்லுல கடிச்ச ஸ்க்ரூ டிரைவர்

காசிமேட்டுல ஒரு போட்டு மோட்டாரு, ஸ்லோல விட்டா விக்கிகினே இருந்துச்சி. பிளக்கைத் தொடச்சி, கார்புரேட்டரை ஊதியும் சரியாவல. ஸ்க்ரூ டிரைவர் நுனிய மோட்டார் மேல வெச்சி, பிடிய பல்லால கடிச்சேன்.

"இன்னாடா, கரும்பா?"ன்னாரு போட்டுக்கார அண்ணன்.

எங்கப்பா வித்தை அது. ஆரணியில ரைஸ் மில்லு இஞ்சினு சத்தம் அவரு காதைத் தின்னுடுச்சி. இஞ்சினு தடுமாறுனா, அதிருறத வெச்சி பல்லுலதான் கண்டுபிடிப்பாரு. "சோத்தை விட இரும்பைத்தான் நல்லா மெல்லுறாரு"ன்னு அம்மா கிண்டலடிப்பா.

நான் அஞ்சாவதோட நின்ன வருஷம், அம்மா மூச்சு திணறிக் கெடந்தா. அப்பா அவ நெஞ்சுல தாடைய வெச்சிகினு இருந்தாரு. "ஓடுதாப்பா?"ன்னு கையாட்டிக் கேட்டேன்.

"ஓடுதுடா. விட்டு விட்டு ஓடுது."

அது நின்ன பிறகும் அவரு தாடைய எடுக்கல.

போட்டு மோட்டார்ல கீழ் சிலிண்டரு அடிக்கலன்னு பல்லுல தெரிஞ்சிது, பிளக்கு ஒயரு வெடிச்சிருந்துச்சி. மாத்துனதும் சீரா ஓடுச்சி.

"போதும், நிறுத்துடா"ன்னாரு அண்ணன்.

"இருங்கண்ணே, கொஞ்ச நேரம் ஓடட்டும்."