எங்கள் சோகை, துரையின் கூரை

வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய சேதி எதையும் எங்கள் பள்ளிக்கூடம் காகிதத்தில் எழுதி அனுப்பியதில்லை. அனுப்பினாலும் படிக்க வீட்டில் ஆள் இல்லை. சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன் தலைமையாசிரியர் எங்களை வாசலில் வரிசையாக நிறுத்துவார். சேதியைப் பிரெஞ்சில் ஒருமுறை, தீவில் எல்லாரும் பேசுகிற கிரியோலில் ஒருமுறை சொல்வார். நாங்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். அம்மை குத்துகிறவர் வருகிறார், தலையில் பேன் இருந்தால் வகுப்பில் இடமில்லை, நாளைக்கு ஆளுக்கொரு விளக்குமாறு. கரும்புக் காட்டு வழியே வீடு போய்ச் சேரும்வரை அதை முணுமுணுத்துக்கொண்டே நடப்பேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் தமிழில் சொல்வேன். தீவின் தென்கோடியில், சுரினாம் என்கிற சிற்றூரைத் தாண்டி, கடல் இரைச்சல் லேசாகக் கேட்கிற தூரத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்குப் போன ஐந்தாறு தமிழ்ப் பெண் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகச் செய்யுளில் இலையுதிர்காலம் செப்டம்பரில் வந்தது. மஞ்சள் இலைகள் கொட்டிக் கிடக்கும் பாதையில் கம்பளிச் சட்டை போட்ட பிள்ளைகள் ஓடுவார்கள். எங்கள் தீவில் அப்படி ஒரு செப்டம்பர் வந்ததே இல்லை என்று தலைமையாசிரியருக்கும் தெரியும். ஆனாலும் அதை மனப்பாடமாக ஒப்பிக்காவிட்டால் பிரம்படி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்த எங்களுக்கு அந்தப் பருவம் ஏப்ரலிலும் மேயிலும் வந்தது. புயல் பயம் விலகி, வெயில் தணிந்து, தென்கிழக்கிலிருந்து சில்லென்ற காற்றும் தூறலும் தொடங்கும். வெட்டுக்கு முன் கரும்பின் காய்ந்த தாளை உரித்துப் போடுகிற வேலை அப்போதுதான் நடக்கும். அந்தத் தாளை நாங்கள் சோகை என்போம். ஊரில் பாதி வீடுகளுக்கு அதுதான் கூரை.

அந்த வருஷப் புயல் பள்ளிக்கூடத்தின் கூரையைப் பாதிக்குமேல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடம் நின்றது எஸ்டேட் நிலத்தில். அதைப் பராமரிப்பது எஸ்டேட்டின் பொறுப்பு. எஸ்டேட்டை நடத்திய வெள்ளைக்காரரை ஊரில் துரை என்பார்கள். அவர் குதிரையில் வந்து பார்த்தார். தகரம் அனுப்புகிறேன் என்றார். தகரம் வரவில்லை. இரண்டு மாதம் பாதி வானத்துக்குக் கீழே உட்கார்ந்து படித்தோம். மழை வந்தால் ஐந்து வகுப்பும் ஒரே மூலையில் ஒண்டிக்கொள்ளும். ஈரப் பலகையில் எழுத்து நிற்காது. சின்னப் பிள்ளைகளில் இரண்டு பேருக்குச் சளி நெஞ்சில் கட்டி, அவர்கள் வருவதே நின்றுபோயிற்று.

ஒருநாள் சாயங்காலம் தலைமையாசிரியர் எங்களை வரிசையில் நிற்க வைத்து இந்தச் சேதியைச் சொன்னார்: வீட்டுக்கு வீடு சோகைக்கட்டு கொண்டு வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் வந்து வேய வேண்டும்.

அம்மா அதைக் கேட்டுவிட்டு, "தகரம் வருதுன்னாரே துரை?" என்று கேட்டாள்.

அப்பா, "வர்றப்ப வரட்டும். புள்ளைங்க நனையுதுங்கல்ல" என்றார். அப்பாவுக்குச் சொந்தமாக இரண்டு அர்ப்பாங், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், கரும்பு நிலம் இருந்தது. தோட்டக் கூலியாக இருந்த என் தாத்தா வயிற்றைக் கட்டி வாங்கிய நிலம். ஆனால் கரும்பை அரைக்க எஸ்டேட் ஆலையை விட்டால் வேறு வழி கிடையாது. ஆகவே துரையைப் பற்றி அப்பா எதையும் உரக்கச் சொல்ல மாட்டார்.

முதல் கட்டைக் கொண்டு வந்து போட்டவள் எங்கள் எதிர்வீட்டு அத்தை. அத்தை என்று கூப்பிடுவோமே தவிர உறவு கிடையாது. புருஷன் செத்துப் பல வருஷம். பிள்ளை இல்லை. அந்தப் புயலில் அவள் வீட்டுக் கூரையும் போயிற்று. கூலி வேலை முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோகை உரித்துக் கட்டி, தன் வீட்டுக்கென்று சுவரோரம் அடுக்கி வைத்திருந்தாள். அதைத்தான் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள், ஒருநடை அல்ல, பல நடை.

"உன் வூட்டுக்கு என்னா பண்ணுவே?" என்று அம்மா அதட்டினாள்.

"நான் ஒருத்தி. எங்கனா ஒரு மூலையில முடங்கிக்குவேன். இத்தினி புள்ளைங்க எங்க முடங்கும்?" என்றாள் அத்தை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை நடந்தது. ஆண்கள் மேலே ஏறி மூங்கில் கட்டினார்கள். பெண்கள் சோகையைப் பிடிபிடியாக உதறி மேலே வீசினார்கள். கற்றாழை நாரை நனைத்து முறுக்கிக் கொடுத்தது பிள்ளைகள். அம்மாவின் முழங்கை வரைக்கும் சோகை அறுத்த கோடுகள். தலைமையாசிரியர் மத்தியானம் குடையோடு வந்து கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். எஸ்டேட்டிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. ஒரு ஆணிகூட வரவில்லை.

அடுத்த சேதி விழாவைப் பற்றியது. சனிக்கிழமை, வீட்டார் எல்லாரும் சுத்தமான துணி உடுத்தி வர வேண்டும். பெண் பிள்ளைகளின் தையல், ஆண் பிள்ளைகளின் தோட்டத்துக் காய்கறி எல்லாம் மேசையில் வைக்கப்படும். பாட்டு உண்டு. நான் அந்த இலையுதிர்காலச் செய்யுளைத் தனியாக ஒப்பிக்க வேண்டும்.

கூரை போட்டதற்கு ஊரைக் கூப்பிட்டு உபசரிக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அத்தை தைப்பூசத்துக்கு மட்டும் உடுத்துகிற மஞ்சள் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தாள். அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டார். போய்ப் பார்த்தால், வேய்ந்த கூரைக்குக் கீழே துரைக்கும் அவர் வீட்டுப் பெண்களுக்கும் எஸ்டேட் ஆட்களுக்கும் நாற்காலி. எங்கள் வீட்டார் வெளியே முற்றத்தில், தூறலில். நடுவில் ஒரு கயிறு. அதுவும் நாங்கள் முறுக்கிய கற்றாழை நார்தான்.

நான் ஒப்பித்தேன். கைதட்டினார்கள். பிறகு துரை எழுந்து பிரெஞ்சில் பேசினார். சந்தைக்கும் வயலுக்கும் போதுமான கிரியோல் எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். மேடைப் பிரெஞ்சு ஒரு சொல்லும் புரியாது. துரை கையை உயர்த்திக் கூரையைக் காட்டிப் பேசியபோது, தங்களைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்து முற்றமே கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் அத்தை. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

எனக்குப் பிரெஞ்சு புரிந்தது. அந்தப் பள்ளிக்கூடமே கற்றுக் கொடுத்த பிரெஞ்சு. துரை சொன்னது இதுதான்: இந்தக் கூரை எஸ்டேட் இந்த எளிய மக்களுக்கு அளித்த அன்பளிப்பு. கொடுத்ததை மதித்துப் பேணும் பழக்கம் இவர்களிடம் இல்லை. இனியாவது கற்றுக்கொள்ளட்டும்.

பொய் சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும். அந்தப் பொய்க்கு எங்களையே கைதட்ட வைத்தார்களே, அதை எப்படிப் பொறுப்பது?

நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து அம்மாவிடம் ஓடினேன்.

"என்னாடி சொல்றாரு?" என்றாள் அம்மா சிரித்தபடி.

சொன்னேன். அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த அத்தைக்கும் கேட்டுவிட்டது. தட்டிக்கொண்டிருந்த கைகளை இறக்கிச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். தப்புச் செய்தவளைப் போல. தப்புச் செய்தது அவளா?

அம்மா கயிற்றுக்கிட்டே போய் நின்றாள். அப்பா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் அவளுக்குக் கிரியோல் மறந்துபோய்விட்டது. தமிழிலேயே பேசினாள்.

"தொரை, இந்தக் கூரையில ஒரு சோக உங்களுதா? இந்தப் பொம்பள தன் வூட்ட மூளியா விட்டுட்டுக் கொண்டாந்து கொட்டுனா. இன்னிக்கும் அவ வூட்டுக்குள்ள மழ பெய்யிது. அன்பளிப்புன்னு சொல்ல உங்க வாயி கூசல?"

உள்ளே எல்லாரும் திரும்பினார்கள். துரை தலைமையாசிரியரிடம், "அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

தலைமையாசிரியருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. கொஞ்சமும் தயங்காமல், "உங்களுக்கு நன்றி சொல்கிறாள், மிஸ்யே" என்றார்.

"நோன், மிஸ்யே" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. "அம்மா நன்றி சொல்லவில்லை. கூரை போட்டது நாங்கள். நீங்கள் தகரம் தருகிறேன் என்றீர்கள், தரவில்லை. அத்தை தன் வீட்டுச் சோகையைக் கொடுத்தாள். அன்பளிப்பு என்று சொல்ல உங்களுக்குக் கூசவில்லையா என்று அம்மா கேட்கிறாள்." எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன், பாடம் ஒப்பிக்கிற அதே நிமிர்ந்த நிலையில்.

துரை கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவர் சிரித்தார். தலைமையாசிரியரின் தோளைத் தட்டி, "இந்தச் சின்னப் பெண் எவ்வளவு நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறாள்! உங்கள் உழைப்புக்கு வாழ்த்துகள்" என்றார். நாற்காலிக்காரர்களும் சிரித்தார்கள். ஒரு அம்மாள் எனக்கு மிட்டாய் நீட்டினாள். நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை, சொன்ன அழகுதான் ஏறியது. மிட்டாயை நான் வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியர் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். "உன் தாய் எஸ்டேட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கட்டும். அதுவரை உனக்கு இங்கே இடமில்லை" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நான் கொண்டு போன சேதி அதுதான்.

அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "வெட்டு வருது. நம்ம கரும்ப ஆலையில எடுக்கலேன்னா என்னா செய்யிறது? ஒரு வார்த்த, போயி கேட்டுட்டு வந்துரு."

"என்னான்னு கேக்கறது? எங்க சோகய நீங்க குடுத்ததா சொன்னதுக்கு எங்கள மன்னிச்சிடுங்கன்னா?" என்றாள் அம்மா.

அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போனார்.

மறுநாள் அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கூடவே அத்தை. வழியில் இன்னும் நாலைந்து பெண்கள் வயல் வேலைக்குப் போகாமல் சேர்ந்துகொண்டார்கள். நேரே உள்ளே போய்த் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் பிரம்பை மேசையில் அடித்தார்.

"தெயோர்! வெளியே போங்கள்! இது பள்ளிக்கூடம்!" என்று கிரியோலில் கத்தினார்.

அன்றைக்கு அம்மாவுக்குக் கிரியோல் நன்றாகவே வந்தது. "மிஸ்யே, நாங்கள் வேய்ந்த கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறோம். என் மகளுக்கு இடமில்லை என்றால் எங்கள் சோகைக்கும் இங்கே இடமில்லை. இறக்கி எடுத்துக்கொண்டு போகட்டுமா?"

பிள்ளைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரம்பு யார் மேலும் விழவில்லை. பெண்கள் அன்றும் உட்கார்ந்திருந்தார்கள், அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தார்கள். அரிசி புடைத்தார்கள், துணி தைத்தார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து அத்தையும் சொல்லிப் பார்த்தாள். அந்த வாரம் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் மேற்பார்வை அதிகாரி வருவதாக இருந்தது. தரையில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பைத் தலைமையாசிரியர் அவருக்குக் காட்ட முடியாது. என்னைக் கூப்பிட்டு, "உன் இடத்தில் போய் உட்கார்" என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யாரென்று அவருக்குத் தெரியாமலா இருந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே ஊர் ஆண்கள் அத்தை வீட்டு முன்னால் வந்து சேர்ந்தார்கள். சோகை எங்கள் நிலத்தில் உரித்தது. மேலே ஏறிக் கட்டியது அப்பா. அத்தை, "எனக்கு எதுக்கு இம்மாம் பெரிய கூர" என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டாள்.

வெட்டு தொடங்கியதும் அப்பா பயந்தது நடந்தது. எங்கள் வண்டி ஆலை வாசலில் நின்றது. பின்னால் வந்த வண்டியெல்லாம் உள்ளே போயிற்று. எங்களைக் கூப்பிடவில்லை. கரும்பு வெயிலில் வாடிச் சாறு வற்றியது. ஆள் மேய்க்கிற மேஸ்திரியான சிர்தாரைக் கேட்டால், "உன் பெண்டாட்டியைக் கேள்" என்றானாம். கடைசியில் எடுத்தார்கள். எடை குறைந்த கரும்பை, மட்டம் என்று சொல்லி விலையையும் குறைத்து எடுத்தார்கள். சாயங்காலம் காலி வண்டியோடு வந்த அப்பா மாட்டை அவிழ்த்துவிட்டு, அம்மாவிடம், "அன்னிக்கு நீ கேட்டதுல தப்பில்ல" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் துரையின் பெயரைத் தாங்கிய ஒரு பலகையைப் பிறகு பள்ளிக்கூட வாசலுக்கு மேலே மாட்டினார்கள். வாசிக்கத் தெரிந்த நாள் முதல் கண்ணில் பட்ட எதையும் வாசித்துவிடும் பழக்கம் எனக்கு. படிப்பு முடிந்து வெளியே வரும்வரை, அந்த வாசலில் நுழையும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன், அதை மட்டும் வாசித்துவிடக் கூடாதென்று.